கையொப்பத்தாற் கட்டும் கார்

மேனாடுகளிலும் யப்பானிலும் இக்காலத்துப் பலர் கைக்கொண்டுள்ள பொழுதுபோக்கு ஒன்றைப் பற்றி ஈண்டுச் சில கூறக் கருதுகின்றேன். தமிழ் படிப்பிப்பவனுக்கு மோட்டார்க் காரிலே என்ன வேலை என்று சிலர் புருவம் நெரிக்கலாம், நெரிக்கட்டும். மனிதர் தம் உத்தியோகத்திற் காட்டாத குணங்களை ஓய்விலே காட்டிவிடுகின்றனர். ஆதலால் அவ்வோய்வை நோக்குவது இலக்கிய மாணவனுக்கும் ஆகாத காரியமன்று.

அப்பொழுதுபோக்கு இது. ஒரு வெளியீட்டகத்தார் பெயர்பெற்ற கார் ஒன்றைத் தேர்ந்து, அதன் மாதிரியைச் செய்து, அம்மாதிரியை ஏறக்குறைய நூறு கூறாகப் பிரிக்கின்றனர். ஒவ்வொரு கூறும் ஒரு சிறு சஞ்சிகையோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் கிழமைதோறும் கடைக்கு வரும். அல்லது நான்கு கூறுகள் ஒருங்குசேர்ந்து மாதந்தோறும் தபாலிலே வீடு தேடி வரும். சஞ்சிகையிலே அந்தக் காரின் வரலாறும், வந்த உறுப்புக்களைப் பூட்டும் முறையும் படங்களோடு இருக்கும். பெற்றவர் திருப்புளியும் கையுமாக அமர்ந்து, வந்தவற்றைப் பூட்டி வைத்து, வராதவற்றுக்குக் காத்திருப்பார். இவ்வாறு இரண்டாண்டு கழிந்தபின் மேசைமேல் ஒரு கார் நிற்கும். அதன் கதவு திறக்கும், விளக்கு எரியும், சுக்கானைத் திருப்பினால் முன்சில்லுகள் திரும்பும். ஏறிச் செல்லத்தான் முடியாது.

ஏறிச் செல்லலாகாத தேர் நமக்குப் புதியதன்று. தச்சர் செய்து கொடுக்கச் சிறுவர் உருட்டித் திரியும் தேரைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழிலே சிறுதேர்ப் பருவமே இறுதிப் பருவம். ஆயின் நாம் கூறும் கார் சிறுவர்க்கு உரியதன்று. இதனைக் கட்டுவோர் வளர்ந்தவர். குடும்பமும் தொழிலும் உடையவர். பகல் முழுதும் கந்தோரிலே கணக்கும் கடிதமும் பார்த்துக் களைத்தவர்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வகை மாதிரிகளுட் பெரும்பாலன எட்டிலொன்று என்னும் அளவுத்திட்டத்தில் அமைந்தவை. அவர்கள் ஒன்றுக்கு எட்டு என்று நீட்டி எழுதுவதை நம் பழைய கணக்காயர் 'அரைக்கால்' என ஒரு சொல்லால் முடித்திருப்பர். சாதாரணமாகப் பெட்டியில் விற்கப்படும் பிளாஸ்டிக் கார்கள் இருபத்துநான்கிலொன்று அளவின. 1964இல் வெளிவந்த 'கோல்ட்பிங்கர்' என்னும் திரைப்படத்தாற் பெயர்பெற்ற அஸ்ரன் மாட்டின் காரை எடுத்துக்கொள்வோம். அதன் மாதிரியும் இவ்வாறு கூறு கூறாக விற்கப்பட்டதுண்டு. மெய்யான காரின் நீளம் 4.57 மீற்றர். இருபத்துநான்கிலொன்றில் அது 19 சென்ரிமீற்றர், உள்ளங்கையில் நிற்கும். அரைக்காலில் 57 சென்ரிமீற்றர். இரு கையாலும் தூக்கவேண்டும். நீளம் மும்மடங்காயினும் பருமன் இருபத்தேழு மடங்காகின்றது. சிறியதில் வர்ணத்தாற் பாவனை பண்ணிக் காட்டவேண்டிய குழாயையும் கம்பியையும் வில்லையும் பெரியதிலே தனித்தனி உறுப்பாகச் செய்தே காட்டலாம். இந்தப் பொழுதுபோக்கின் சுவையெல்லாம் அங்கேதான் இருக்கின்றது.

மாதிரிகளைத் துண்டுகளாக விற்கும் வழக்கத்தின் வரலாறு நீண்டதன்று. இங்கிலாந்திலே 1936இல் 'புறொக்' என்னும் பெயரோடு பிளாஸ்டிக் ஆகாயவிமானங்கள் வந்தன. 1952இல் 'எயார்பிக்ஸ்' கொம்பனியார் 'கோல்டன் ஹைன்ட்' என்னும் பழங்கப்பலை ஒரு பையிலிட்டு இரண்டு சிலிங்குக்கு விற்றபின்னரே அது ஏழைப்பிள்ளைக்கும் எட்டியது. பெரிய அளவிற் கார் செய்து புகழ்பெற்றவர் இத்தாலி நாட்டுத் தூரின் நகரத்துப் பொக்கேர் நிறுவனத்தார். அவர் 1960களிலிருந்து வெளியிட்ட அல்பா ரோமியோ, றோல்ஸ் றோய்ஸ் முதலிய அரைக்கால் மாதிரிகளுட் சில இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புக்களை உடையன. அவற்றின் கம்பிச் சில்லுகளைக் கட்டுவோரே ஒவ்வொரு கம்பியாகக் கோத்து இழுத்து ஒப்பமாக்கவேண்டும். ஒரு சில்லுக்கே பல மாலைப்பொழுதுகள் செல்லும். பாதியிற் கைவிடப்பட்ட பொக்கேர்ப் பெட்டிகள் பழம்பொருட் சந்தையில் இன்றும் கைமாறி வருகின்றன என்றால் வியப்பில்லை.

பொக்கேர் மாதிரி ஒரே பெட்டியில் வந்தது. அதனைக் கூறு கூறாகக் கொடுக்கும் யுக்தி புத்தக வியாபாரிகளிடமிருந்து வந்ததாகும். டி அகொஸ்தினி என்னும் புவியியலறிஞர் 1901இல் உரோமிலே நிறுவிய தேசப்பட நிலையம் பின்னர் நொவாரா என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. அந்நிறுவனத்தார் 1959இல் 'இல் மிலியோனே' என்ற புவியியற் கலைக்களஞ்சியத்தைக் கிழமைதோறும் ஒரு பகுதியாகப் பத்திரிகைக் கடைகளில் விற்கத் தொடங்கினர். மார்க்கோ போலோவின் பயணநூலுக்கு இத்தாலியர் வழங்கும் பெயரே அது. முழுக் களஞ்சியத்தை வாங்க வகையற்ற தொழிலாளியும் கிழமைக்குச் சில லீரா கொடுத்து ஈற்றில் ஒரு நூல்வரிசைக்கு உடையவனானான். காலப்போக்கிலே பகுதியோடு ஒரு கல், ஒரு நாணயம், ஒரு பொம்மை என ஏதேனும் சேர்த்துக் கொடுத்தனர். நூலோடு பொருள் என்றிருந்தது பொருளோடு நூல் என்றாயிற்று. அப்பொருள் கப்பலாகவும் காராகவும் வளர்ந்தது.

நாம் இன்று சந்தா என்பது பாரசீக வழியாக வந்த சொல். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நம் பத்திரிகைகளும் நூல்களும் அதனைக் 'கையொப்பம்' என்றன; சந்தாதாரர் கையொப்பக்காரர் எனப்பட்டார். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டபோது முன்னதாகக் கையொப்பம் வாங்கியே செலவுக்கு வழி செய்தார். சென்னைச் சருவகலாசாலைத் தமிழ் லெக்சிக்கனும் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாகவே வெளிவந்தது. கையொப்பம் என்னும் சொல்லிலே ஒரு நயம் உண்டு. சந்தா என்னும்போது பணமே முன் நிற்கின்றது. கையொப்பம் என்னும்போது, இந்நூல் முற்றுப்பெறும்வரை நான் துணைநிற்பேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்த வாக்கு முன் நிற்கின்றது. வாக்கு இருவழிப்பட்டது, வெளியிடுவோனும் முற்றுவிப்பேன் என்றன்றோ கையொப்பம் வாங்குகின்றான்! இதனைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

இதனைக் கலையென்று ஒப்பாதார் பலர். அவர் கூறுவது இது: வெட்டியவனும் வார்த்தவனும் வர்ணமிட்டவனும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் இருக்கின்றான். வாங்கியவன் செய்வது திருகாணி முடுக்குதல் ஒன்றே. பசையும் வேண்டாம், தூரிகையும் வேண்டாம். திருகாணிகளும் எழுத்துக் குறியிட்டுச் சிறு பைகளில் வந்துவிடுகின்றன, தவறவிடுவோர்க்கென ஒன்றிரண்டு மேலதிகமாகவும் வைக்கப்படுகின்றன. இதிலே செய்தல் எங்கே?

இக்கூற்றிற் பெரும்பகுதி மெய். செய்தல் எத்தகையது என்பதை அறியவேண்டுமாயின் ஐக்கிய அமெரிக்காவிலே ஜெனரல் மோட்டேர்ஸைச் சேர்ந்த பிஷர் பொடி பகுதியார் 1930 முதல் 1968 வரை நடத்திய கைவினைஞர் கழகத்தைப் பார்க்கவேண்டும். பள்ளி மாணவர்க்கு அவர்கள் கொடுத்தது உறுப்புப் பெட்டியன்று. நெப்போலியன் காலத்து அரச வண்டி ஒன்றின் வரைபடம் மாத்திரமே. மரத்தைச் செதுக்கி, உலோகத்தை வளைத்து, சீலையைத் தைத்து மாணவனே அவ்வண்டியைச் செய்யவேண்டும். 1937 முதல் தானே கற்பித்த கார் ஒன்றின் மாதிரியைச் செய்வோர்க்கும் இடமளித்தனர். போருக்குப் பின் அதுவே முழுப் போட்டியும் ஆயிற்று. வென்றோருக்குச் சருவகலாசாலைக் கல்விக்கான புலமைப் பரிசில்கள் கிடைத்தன. 1947இல் வென்ற சக் ஜோடன் என்பவர் பிற்காலத்திலே, 1986இல், அதே ஜெனரல் மோட்டேர்ஸின் வடிவமைப்புப் பகுதிக்குத் தலைவரானார். கட்டைத்துண்டு ஒன்றிலே இல்லாத காரைக் கண்ட சிறுவன் அவன். அவனோடு நம் திருப்புளிக்காரரை ஒப்பிடுவது முறையாகாது.

ஆயினும் செய்யாதவன் ஒன்றும் பெறான் என்று முடித்துவிடுதல் எனக்கு உடன்பாடன்று. காவியம் செய்தவன் ஒருவன். பதவுரையின் துணைகொண்டு அதனைச் சொற்சொல்லாகப் பிரித்துக் கூட்டிப் பொருள்கண்டவன் வேறொருவன். பின்னவனை நாம் புலவன் என்று சொல்லோம். கற்றவன் என்று சொல்வோம். இந்தப் பொழுதுபோக்கைக் கார் கற்றல் என்று சொன்னாற் பொருந்தும்.

என்னிடம் முன்னொருகாற் பயின்று, இப்பொழுது இலண்டனிலே கணக்காளராயிருக்கும் அன்பர் ஒருவர், 1967ஆம் ஆண்டு ஷெல்பி மஸ்ராங் என்னும் அமெரிக்கக் காரை இவ்வாறு கட்டி முடித்தார். விடுமுறையில் வந்தபோது படங்களைக் காட்டினார். காட்டியவர் காரின் அழகைப் பேசவில்லை. "ஐயா, இருபது வருஷமாய்க் கார் ஓட்டுகிறேன். முன்பக்கத்திலே சுருள்வில் இருக்கிறது, பின்பக்கத்திலே தகட்டுவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஏன் அப்படி வைத்தார்கள் என்று தேடிப் படித்தேன்" என்றார். எஞ்சினின்மேல் இரண்டு காபரேற்றர்களைத் தம் கையாற் பொருத்தியபின்னரே அவை எதற்கு என்னும் வினா அவருக்குப் பிறந்ததாம். வகுப்பிலே அவர் வினா எழுப்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை; வேற்றுமை மயக்கத்தை அவர் கையிற் கொடுத்துப் பொருத்திப் பார்க்கச் சொல்ல எனக்கு வழியிருக்கவில்லை.

அவர் சொன்ன இன்னொன்று உறுப்புக்கள் வரும் முறையைப் பற்றியது; இதனை ஆசிரியர்கள் சற்றுக் கவனிக்கலாம். தச்சனாயின் சட்டகத்தை முதலில் வைப்பான். விற்பவன் அவ்வாறு செய்வதில்லை. முதற் கூறிலே கண்ணைக் கவரும் ஏதேனும் ஒன்று, பெரும்பாலும் ஒரு சில்லோ முகப்போ விளக்கோ வரும். அதன்பின் எஞ்சினின் சில பகுதிகள் வரும். பின்னர் நெடுங்காலம் வெளியே தோன்றாத தகடுகளும் தாங்கிகளுமாக வந்துகொண்டிருக்கும். முடித்த பகுதிகளைச் சீலையிற் சுற்றி அலுமாரியில் வைத்து, அவை எங்கே பொருந்தும் என்பது தெரியாமலே மாதக்கணக்காகக் காத்திருக்கவேண்டும். சட்டகம் வந்து சேரும் நாளிலேதான் ஏழு மாதத்துக்கு முன் பூட்டிய துண்டின் காரணம் விளங்கும். பலர் கைவிடுவது இந்த நடுப்பகுதியிலே என்றார். நன்னூல் எழுத்ததிகாரத்தை முடித்துச் சொல்லதிகாரத்தில் நுழையுமுன் வகுப்பைவிட்டு நின்ற மாணவர் முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. முதலிற் சில்லைக் கொடுத்து ஆசை காட்டுவதை நான் குறைகூற மாட்டேன். நாமும் இலக்கணப் பாடத்தை ஒரு கதையோடு தொடங்குகின்றவர்களே. நடுவிலே ஒருமுறை முழுக் காரின் படத்தையும் வரைந்து, இதுவரை பூட்டியது இது, இனி வருவது இது என்று அவர்கள் காட்டவேண்டாமா? சஞ்சிகையின் பக்கங்களைப் பந்தய வீரர்களின் படங்களால் நிரப்புவதிலும் அது மேலாகும்.

இனிப் பணம். முதற் கூறு இரண்டு மூன்று பவுணுக்குக் கிடைக்கும். இரண்டாவது சற்று ஏறும். பின்னர் ஒவ்வொன்றும் ஒன்பது பத்துப் பவுண் என்று நிலைத்துவிடும். நூறு கூறுக்குக் கணக்கிட்டால் தொளாயிரத்துக்கும் ஆயிரத்துக்கும் இடைப்பட்ட தொகை. அந்தப் பணத்துக்கு மெய்யாக ஓடும் பழைய கார் ஒன்றையே அந்நாட்டில் வாங்கிவிடலாம் என்று நகைப்போர் உளர். நான் அவரோடு சேரமாட்டேன்; சதுரங்கக் காயை விற்று அரிசி வாங்கலாமே என்பது போன்றது அந்த நகைப்பு. என் முறைப்பாடு வேறு. முதற் கூறின் விலை அட்டையிலே கையளவு எழுத்தில் இருக்கின்றது. மொத்தம் எத்தனை கூறு, பின்வருவனவற்றின் விலை என்ன என்பன எங்கோ ஒரு மூலையிலே பூதக்கண்ணாடிக்கு எட்டும் எழுத்தில் இருக்கின்றன. சட்டத்துக்கு அது போதும் போலும். கையொப்பம் வாங்குவோனுக்கு அது அழகன்று.

கையொப்பக்காரர் இவ்வாறு அல்லற்பட்டது இன்று நேற்றன்று. பிரான்சிலே திதரோ ஆசிரியராயிருந்த பெருங் கலைக்களஞ்சியத்துக்குக் கையொப்பம் கேட்டபோது, பத்துப் புத்தகம், 280 லீவர் என்று அறிவித்தனர். 1751இல் முதற் புத்தகம் வந்தது. 1772இல் முடிந்தபோது புத்தகம் 28. விலை 980 லீவர். லுனோ என்னும் கையொப்பக்காரர் ஒருவர் வெகுண்டு வெளியீட்டாளர்மேல் வழக்குத் தொடுத்து ஆண்டுக்கணக்காக வாதாடித் தோற்றார். தோற்றாலும் அவர் எழுப்பிய வினா நியாயமான வினா. நூல் சிறந்ததாயிற்றே என்பது அதற்கு விடையாகாது.

கூடுதலாக வருவது ஒரு துன்பம். வராமலே நின்றுவிடுவது மற்றொன்று. சாள்ஸ் டிக்கன்ஸ் 1836இல் 'பிக்விக்' கதையை மாதம் ஒரு சிலிங் வீதம் பகுதி பகுதியாக வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றவர். அவரது இறுதிக் கதையாகிய 'எட்வின் ட்றூட்' பன்னிரண்டு பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆறு பகுதிக்கே எழுதியிருந்த நிலையில், 1870 யூனில், அவர் காலமானார். கதையோ கொலை மர்மம். கொன்றவன் யார் என்று இன்றுவரை அறிஞர் வாதிக்கின்றனர். எழுத்தாளன் இறப்பின் நாம் வருந்தி அமைவோம். அங்கே குற்றம் சாட்டுதற்கு எவரும் இலர்.

வியாபார நிலையம் வீழ்ந்தால் அவ்வாறு அமைய முடியுமா? பெல்பாஸ்ற்றின் புறத்தேயுள்ள டன்மறி என்னுமிடத்திலே, பிரித்தானிய அரசின் பண உதவியோடு, டிலோரியன் என்னும் காரைச் செய்தனர். 1981இல் வெளிவந்த அந்தக் கார், வர்ணம் பூசாத துருப்பிடியா உருக்குத் தகடும் மேனோக்கி எழும் கதவும் உடையது. ஏறக்குறைய ஒன்பதாயிரம் கார்களே செய்யப்பட்டன. 1982இலேயே கொம்பனி நொடித்துப் பிறர் பொறுப்பிற் போயிற்று. பின்னர் 1985இல் வந்த ஒரு திரைப்படத்தினால் அந்தக் கார் உலகப்புகழ் பெற்றது. அதன் அரைக்கால் மாதிரியைக் கூறு கூறாக விற்றவர் இலண்டன் ஈகிள்மொஸ் என்னும் வெளியீட்டகத்தார். காரைச் செய்தோர் வீழ்ந்து நாற்பதாண்டு சென்றபின், 2022இல், மாதிரியைச் செய்தோரும் அவ்வாறே வீழ்ந்தனர். அப்பொழுது அவர் நடத்திக்கொண்டிருந்த பல தொடர்களும் நடுவழியில் நின்றன. அவற்றுட் சிலவற்றை வேறொரு வெளியீட்டகத்தார் பின்னர் ஏற்று நடத்தினர்; எல்லாவற்றையும் அன்று.

இங்கே இழப்பு எத்தகையது என்பதை நுணுகிப் பார்க்கவேண்டும். கடன்காரர் பட்டியலிலே கையொப்பக்காரருக்குப் பெரும்பாலும் இடமில்லை. அனுப்பிய கூறுக்கே பணம் பெற்றோம், அனுப்பாததற்குப் பெறவில்லை, ஆதலால் எவருக்கும் எதுவும் கொடுபடவேண்டியதில்லை என்று கணக்கர் சொல்வர். கணக்கு ஒத்துவரும். ஆனால் அறுபது கூறைப் பெற்றவர் கையில் இருப்பது ஒரு காரின் நூற்றில் அறுபது பங்கன்று. ஐந்நூறு அறுநூறு பவுணும் ஓராண்டுக்கு மேற்பட்ட மாலைப்பொழுதுகளும் செலவழித்துச் சேர்த்த உலோகத் துண்டுகள். மீதி நாற்பதும் வருமென்ற நம்பிக்கை ஒன்றினாலேயே முன்னைய அறுபதுக்கும் விலை இருந்தது. ஏட்டுச்சுவடியில் இடையேடு சிதைந்தால் எஞ்சியதையாவது படிக்கலாம். கூரையில்லாத காரை அலுமாரியில் எவ்வாறு வைப்பது?

ஆதலால் இத்தகைய தொடரைத் தொடங்குவோர் மொத்தக் கூறையும் மொத்த விலையையும் முதல் அட்டையிலே, முதல் விலையை அச்சிட்ட அதே பருமனில், அச்சிட வேண்டும். இது எளிது, செலவற்றது, செய்யாதிருப்பதற்கு நியாயமே இல்லை. அடுத்ததற்குத்தான் சற்று மனம் வேண்டும். உறுப்புக்களை வார்க்கும் அச்சுக்களும் வரைபடங்களும் தொடர் முற்றுப்பெறும்வரை கையொப்பக்காரர் பொருட்டு வேறொருவர் பொறுப்பில் இருக்கத்தக்கதாக முன்னரே எழுதி வைக்கவேண்டும். நிலையம் வீழ்ந்தால் எஞ்சிய உறுப்புக்களை விலைகொடுத்துச் செய்வித்துக்கொள்ளும் உரிமையாவது அவர்க்கு இருக்கும். வியாபாரிகள் இதனைக் கேட்டால் அச்சு எங்கள் உடைமை என்பர். கடன்காரர் கைக்குப் போகும்போதும் அது உடைமைதான். பழைய இரும்பு விலைக்கு எடைபோடும்போதும் உடைமைதான். அறுபது கூறு வைத்திருப்பவனுக்கோ அறுபத்தோராம் கூறு வேண்டும். அதை வார்க்கும் அச்சு எங்கோ ஒரு களஞ்சியத்திலே பூட்டிக் கிடக்கின்றது.